எட்டாத கியர்பாக்ஸ் போல்ட்டுகள்: வீட்டில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் ஒழுகுகிறது, கியர்பாக்ஸே போய்விட்டது. காரணம் எதுவானாலும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் மணி போல விரிந்திருக்கும் கூட்டுக்குப் பெயர் பெல் ஹவுசிங். அதைச் சுற்றி வண்டிக்குத் தகுந்தபடி 6 முதல் 10 போல்ட் வரை இருக்கும். கீழே இருப்பவை சொன்ன பேச்சு கேட்கும். மேலே, எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சின் அறையையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) நடுவே ஒளிந்துகொண்டிருக்கும் இரண்டுதான் ஆளைச் சோதிக்கும். இங்கே வரும் கேள்விகளில் பாதிக்குமேல் அந்த இரண்டைச் சுற்றியே இருக்கும்.

மேல் போல்ட்டுகளை ஏன் இப்படிக் கை எட்டாத இடத்தில் வைத்தார்கள்?

வைத்தவர்களுக்கு அது எட்டாத இடமே இல்லை. தொழிற்சாலையில் பெரும்பாலும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வண்டிக்கு வெளியே சேர்த்து இறுக்கிவிடுவார்கள். அப்புறம்தான் இரண்டும் ஒரே துண்டாக பாடிக்குள் போகும். இறுக்கியவர் நின்றபடி, நேருக்கு நேர் பார்த்து இறுக்கியிருப்பார். மல்லாந்து படுத்து, கண்ணில் மண் விழ, விரல் நுனியால் தேடும் நிலை நமக்குத்தான்.

இது தெரிந்தால் வேலையின் திசையும் புரியும். போல்ட் இருக்கும் இடத்துக்குக் கையை நுழைப்பதைவிட, போல்ட் இருக்கும் இடத்தையே கொஞ்சம் நகர்த்துவது சுலபம். எப்படி என்பது கீழே வருகிறது.

தொடங்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டியவை?

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதன்மேல் ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டின் மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். இந்த வேலையில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் இறுகிய போல்ட்டை இழுக்கும்போது வண்டியையும் சேர்த்துத்தான் ஆட்டுகிறோம். ஸ்டாண்டில் ஏற்றியதும் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு முறை பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் நுழையும் அளவு உயரம் போதாது. இறக்கிய கியர்பாக்ஸ் ஜாக்கியின் மேல் உட்கார்ந்தபடி வெளியே வர வேண்டும். பெல் ஹவுசிங்கின் உயரத்தை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். மல்லாந்து படுத்து ஒரு தடவை மேலே பார்த்தால் நீங்களே தேடிப் போய் எடுத்து வருவீர்கள்.

மேல் போல்ட்டைக் கழற்ற எங்கிருந்து போவது, பானட் பக்கமிருந்தா அடியிலிருந்தா?

எஞ்சின் நெடுக்காக இருக்கும் பின்சக்கர ஓட்ட, நான்கு சக்கர ஓட்ட வண்டிகளில் நான் எப்போதும் மூன்றாவது வழியைத்தான் முதலில் பார்ப்பேன்: கியர்பாக்ஸின் வால் பக்கம்.

அடியில் படுத்து, கியர்பாக்ஸின் பின் முனையிலிருந்து முன்னோக்கிப் பாருங்கள். பாக்ஸின் முதுகுக்கும் வண்டித் தரையின் குழிவுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். மேல் போல்ட்டின் தலை பெரும்பாலும் அந்தச் சந்தின் மறுமுனையில், உங்களைப் பார்த்தபடிதான் இருக்கும். சாக்கெட்டுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் என்ற நீட்டுக் கம்பிகளை ஒன்றோடு ஒன்று கோத்து அந்தச் சந்து வழியாக அனுப்பினால், ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்பும் கைப்பிடி) வால் பக்கம் வந்துவிடும். அங்கே கைப்பிடியை முழு வீச்சில் சுழற்ற இடம் இருக்கிறது. ஃபயர்வால் பக்கம் அரை அங்குலம் அரை அங்குலமாகத் திருப்பிய அதே போல்ட், இங்கே ஒரே இழுப்பில் வரும்.

மேலிருந்து போவது தோற்றத்தில் சுலபம், கையில் கஷ்டம். சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதன் குழாயையும் எடுத்தால் ஒரு பக்க போல்ட் மட்டும் எட்டும். எட்டினால் சரி, எடுங்கள். இரண்டாவதற்காக அரை நாள் போராட வேண்டாம்.

எஞ்சினைச் சாய்க்க வேண்டும் என்கிறார்களே, என்ன அர்த்தம்?

மேலே சொன்ன சந்து, எல்லாம் மாட்டியிருக்கும்போது மிகக் குறுகலாக இருக்கும். அதை அகலமாக்கும் வித்தை இது.

கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்குங்கள். பிரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள். கியர்பாக்ஸின் பின் மவுண்ட்டையும் அதைத் தாங்கும் கிராஸ் மெம்பரையும் கழற்றுங்கள். இப்போது எஞ்சின் தன் இரண்டு முன் மவுண்ட்டுகளின் மேல் ஊஞ்சல் பலகை மாதிரி நிற்கிறது. ஜாக்கியை மெதுவாக இறக்கினால் வால் கீழே போகும், பெல் ஹவுசிங்கின் தலைப்பகுதி ஃபயர்வாலை விட்டுக் கீழே இறங்கும். பல வண்டிகளில் வாலை 5 முதல் 8 செ.மீ. இறக்கினாலே, அதுவரை கண்ணுக்கே தெரியாத போல்ட் தலை டார்ச் வெளிச்சத்தில் மினுங்கும்.

இறக்கும்போது அவசரம் கூடாது. வால் இறங்கினால் எஞ்சினின் மூக்கு மேலே எழும். மூக்கில் விசிறி இருக்கிறது, விசிறியைச் சுற்றி ரேடியேட்டர் கவசம் இருக்கிறது. நான் ஒரு முறை கவசத்தைக் கழற்ற மறந்துவிட்டு வாலை இறக்கினேன். பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அந்த நினைப்பே வந்தது. அதேபோல எஞ்சினின் பின்பகுதியில் இருப்பவை ஃபயர்வாலில் போய் முட்டும். பழைய வண்டி என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, புதிய வண்டி என்றால் ஏதாவது சென்சார் அல்லது குழாய். கியர் லீவர், கிளட்ச் கேபிள் அல்லது ஹைட்ராலிக் குழாய், ஸ்பீடோமீட்டர் வயர், எக்ஸாஸ்ட் குழாய் ஆகியவை கழற்றப்பட்டிருக்கின்றனவா, இழுபடுகின்றனவா என்று 2 செ.மீ. இறக்குவதும் ஒரு சுற்றுப் பார்ப்பதுமாகப் போங்கள். பெல் ஹவுசிங்கின் மேல் கிராங்க் சென்சார் இருந்தால் சாய்க்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

எஞ்சினுக்கும் ஒரு தாங்கல் வேண்டும். ஆயில் பேனுக்கு அடியில் ஜாக்கியை நேரடியாக வைத்தால் பேன் நெளியும். அகலமான மரக்கட்டை வைத்து, அதுவும் பேனின் ஓரத்தை ஒட்டி, தொட்டும் தொடாமலும் தாங்குங்கள்.

எவ்வளவு நீளம் எக்ஸ்டென்ஷன் வேண்டும்? 3/8 அங்குலமா, 1/2 அங்குலமா?

கியர்பாக்ஸின் நீளம்தான் கணக்கு. பெரும்பாலும் 60 முதல் 90 செ.மீ. வரை தேவைப்படும். ஒரே நீளக் கம்பியாகக் கிடைத்தால் சிறப்பு. இல்லையென்றால் இரண்டு மூன்றைக் கோக்கலாம், ஆனால் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் ஆடும், உள்ளே போய்க் கழன்றுகொண்டு மானத்தை வாங்கும். இணைப்புகளின் மேல் இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாக நான்கு சுற்று சுற்றிவிடுங்கள். சாக்கெட்டையும் சேர்த்துத்தான். கழன்ற சாக்கெட் பெல் ஹவுசிங்கின் மேல் தங்கிவிட்டால் அதை எடுப்பதே தனி வேலை.

3/8, 1/2 என்பது ராட்செட்டும் கம்பியும் சேரும் சதுர முனையின் அளவு. இடம் இருந்தால் 1/2 அங்குலம். நீளமான கம்பி, இழுக்கும்போது முறுக்கேறும். போல்ட்டுக்குப் போக வேண்டிய விசையெல்லாம் கம்பிக்குள்ளேயே ஊஞ்சலாடும். முறுக்கத்தைத் தாங்கும் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் கூடுவதால், அதே நீளத்தில் 1/2 அங்குலக் கம்பி 3/8 அங்குலக் கம்பியைப் போல சுமார் 3 மடங்கு விறைப்பாக இருக்கும். சந்து குறுகலாக இருந்தால் 3/8 தவிர வேறு வழியில்லை, அப்போது சாக்கெட்டும் மெல்லிய சுவருள்ளதாகப் பாருங்கள்.

நேர்க்கோடு கிடைக்கவில்லை என்றால் இரண்டு துணைகள் உண்டு. முனை உருண்டையாக்கப்பட்ட வாபிள் எக்ஸ்டென்ஷன் சுமார் 15 டிகிரி சாயும். அதற்குமேல் வேண்டுமென்றால் யுனிவர்சல் ஜாயிண்ட். நான் வாபிளைத்தான் விரும்புவேன், அது துவளாது. ஜாயிண்ட்டை நீட்டினால் தலை தொங்கிப்போகும், போல்ட்டை நோக்கி நிற்காது. அதற்கும் டேப்தான் மருந்து: ஜாயிண்ட்டைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றினால் அரைவிறைப்பாக நிற்கும், தேவையான பக்கம் வளையவும் செய்யும். எதுவானாலும் 30 டிகிரிக்கு மேல் வளைத்து பலமாக இழுக்க வேண்டாம். சாக்கெட் சாய்ந்து போல்ட் தலையின் ஓரத்தைத் தின்றுவிடும்.

சாக்கெட் சரியாக உட்கார்ந்ததா என்று அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரியும்?

ஆள் இருந்தால் பானட் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். அவருக்கு போல்ட்டைத் திருப்ப முடியாவிட்டாலும் இரண்டு விரலால் சாக்கெட்டைத் தொட முடியும். அவர் சாக்கெட்டைப் பிடித்து போல்ட் தலையில் பொருத்தி "உட்கார்ந்துவிட்டது" என்பார், நீங்கள் வாலில் இருந்து திருப்புங்கள். இந்த வேலையில் இரண்டாவது ஆளின் முழுப் பங்கும் அவ்வளவுதான், ஆனால் அந்த இரண்டு விரல் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தனியாக இருந்தால் தொடுவுணர்வுதான். கம்பியை லேசாக முன்னே தள்ளியபடி இடதும் வலதும் ஆட்டுங்கள். உட்காராத சாக்கெட் போல்ட் தலையின் மேல் உரசும், அந்தச் சொரசொரப்பு கம்பி வழியாக உள்ளங்கைக்கு வரும். உட்கார்ந்ததும் கம்பி அரை அங்குலம் உள்ளே போகும், பிறகு ஆட்டினால் இரண்டு பக்கமும் முட்டி நிற்கும். அந்த அரை அங்குலம் போகவில்லை என்றால் இழுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் போனை உள்ளே நுழைத்து ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். முன்பு பல் வைத்தியர் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம், அதில் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்து தலை சுற்றும்.

இழுத்ததும் "டக்" என்றது. போல்ட் விட்டதா, சாக்கெட் நழுவியதா?

இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். அதனால் இழுக்கும் முன்பே சாக்பீஸால் கம்பியில் இரண்டு கோடு போடுங்கள், சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, ராட்செட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டும் ஒரே நேரில் இருக்கும்படி. இழுக்கும்போது வால் பக்கக் கோடு மட்டும் நகர்ந்து, விட்டதும் திரும்பி வந்தால், கம்பிதான் முறுக்கேறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து நகர்ந்து அங்கேயே நின்றால் போல்ட் அசைந்துவிட்டது.

முதல் இழுப்புக்கு ராட்செட் வேண்டாம், பற்கள் போய்விடும். பற்கள் இல்லாத நீளக் கைப்பிடியால் ஆரம்ப இறுக்கத்தை உடையுங்கள், அப்புறம் ராட்செட். எந்தப் பக்கம் திருப்புவது என்ற குழப்பமும் இங்கே வரும். நீங்கள் வால் பக்கமிருந்து போல்ட் தலையைப் பார்த்தபடி இருந்தால் வழக்கம்போல இடஞ்சுழி. பானட் பக்கமிருந்து, போல்ட்டின் முதுகுப் பக்கம் நின்று ஸ்பேனர் போட்டால் எல்லாம் தலைகீழ். இறுக்கி இறுக்கியே போல்ட்டை உடைத்தவர்கள் உண்டு.

போல்ட் தலை அறுகோணமாக இல்லை, வெளிப்பக்கம் நட்சத்திரம் மாதிரி இருக்கிறது. எந்த சாக்கெட்டும் பொருந்தவில்லை.

அது வெளி டார்க்ஸ். டார்க்ஸ் வடிவமே 1967-இல் வந்தது, அதன் புறவடிவத்துக்கு ஈ8, ஈ10, ஈ12 என்று ஈ எழுத்தில் அளவு சொல்வார்கள். இதில் பேர்போனது 4.0 லிட்டர் எஞ்சின் உள்ள பழைய ஜீப் செரோக்கி. 1984 முதல் 2001 வரை வந்த அந்த உடல்வடிவத்தில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் மேல் இரண்டு போல்ட்டும் ஈ12. சுற்றியுள்ள மற்றவை சாதாரண அறுகோணம். கீழே எல்லாவற்றையும் கழற்றி முடித்து, கடைசியில் மேலே விரலை விட்டுத் தடவும்போதுதான் விஷயம் தெரியும். அதனால் எந்த வண்டியானாலும் முதலில் எல்லா போல்ட் தலைகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

12 முனை சாக்கெட்டைத் தட்டி ஏற்றிக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். வந்தால் வரும், வழுக்கினால் நட்சத்திரம் உருண்டையாகிவிடும். சரியான ஈ சாக்கெட் ஒன்று வாங்கிக்கொள்வதே வழி. திரும்ப மாட்டும்போது அதே நீளம், அதே மரை, அதே வலிமைத் தரம் உள்ள அறுகோண போல்ட் போட்டுவிடலாம். அடுத்து கழற்றப்போவதும் நீங்கள்தானே.

அடித்து அடித்துத் திருப்பும் இம்பாக்ட் கன் போடலாமா?

போடலாம், ஆனால் நீளமான கம்பியும் வாபிளும் அடியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பக்கத்திலிருந்து அடித்தால் ஒரு நொடியில் வரும் போல்ட், 80 செ.மீ. தள்ளியிருந்தால் சும்மா கிடக்கும். சாதாரண யுனிவர்சல் ஜாயிண்ட்டை கன்னில் மாட்டாதீர்கள், அதன் பின் தெறித்துவிடும். இம்பாக்ட்டுக்கென்று செய்தது வேண்டும். இறுக்குவதற்கு கன் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தில் மரை உரிந்துவிடும்.

நேர்க்கோடே கிடைக்கவில்லை. ஸ்பேனரை ஒரு விரற்கடை தூரம்தான் ஆட்ட முடிகிறது. என்ன செய்வது?

இங்கே கொஞ்சம் கணக்கு உதவும். 6 முனை ரிங் ஸ்பேனரை எடுத்து மறுபடி மாட்ட 60 டிகிரி வீச்சு வேண்டும். 12 முனைக்கு 30 டிகிரி போதும். திறந்த வாய் ஸ்பேனரின் வாய் 15 டிகிரி சாய்வாக இருப்பது அழகுக்காக இல்லை. ஒரு முறை திருப்பிவிட்டு ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டால் 30 டிகிரியிலேயே அடுத்த பிடி கிடைக்கும். 72 பல் உள்ள ராட்செட் 5 டிகிரிக்கு ஒரு தடவை பிடிக்கும், 24 பல் உள்ளதற்கு 15 டிகிரி வேண்டும். ஆக, இடமில்லாத இடத்தில் நிறையப் பல் உள்ள ராட்செட் ரிங் ஸ்பேனர்தான் ராஜா.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ராட்செட் ரிங் ஸ்பேனரை போல்ட்டில் மாட்டிக் கழற்றிக்கொண்டே வரும்போது போல்ட் வெளியே நீளும். பின்னால் ஃபயர்வால் நெருக்கமாக இருந்தால், ஸ்பேனர் போல்ட் தலைக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். திசை மாற்றும் குமிழ் இல்லாத ஸ்பேனர் என்றால் திரும்பி இறுக்கவும் முடியாது. எனக்கு நேர்ந்திருக்கிறது. வாலை இன்னும் கொஞ்சம் இறக்கித்தான் மீட்டேன். பாதி கழன்றதும் ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் கழற்றுங்கள்.

போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை.

முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள், காலையில் இன்னொரு முறை. கம்பியின் வால் முனையில் சுத்தியலால் நான்கு தட்டு, போல்ட்டின் நேர்த்திசையில். அந்த அதிர்வு மரையில் பிடித்திருக்கும் துருவை உடைக்கும். அப்புறம் முதலில் இறுக்கும் பக்கம் இம்மி அளவு, பிறகு கழற்றும் பக்கம். வரத் தொடங்கிய பிறகு நடுவில் இறுகினால் பலம் கொடுக்காதீர்கள், அரைச் சுற்று உள்ளே விட்டு மறுபடி வெளியே எடுங்கள்.

பெல் ஹவுசிங் அலுமினியம், போல்ட் இரும்பு. ஈரம் சேர்ந்தால் இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடி போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். சூடுபடுத்தினால் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய 2 மடங்கு விரிவதால் பிடி தளரும். ஆனால் அந்த இடத்தில் பெட்ரோல் குழாய், வயர்க்கட்டு, நீங்களே அடித்து வைத்த எண்ணெய் எல்லாம் இருக்கின்றன. தீச்சுடரை அங்கே கொண்டுபோக மாட்டேன். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிவிட்டு வேலை தொடங்குவது அதைவிடப் பத்திரம், எக்ஸாஸ்ட்டில் கை படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தலை மழுங்கிவிட்டது. அல்லது தலையே முறிந்து வந்துவிட்டது.

மழுங்கினால், உள்ளே சுருள் பற்கள் உள்ள எடுப்பு சாக்கெட்டைத் தட்டி ஏற்றித் திருப்புங்கள். அது இல்லையென்றால் ஓர் அளவு சிறிய 6 முனை சாக்கெட்டைத் தட்டி ஏற்றலாம்.

தலை முறிந்தால் பலரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மையில் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். தலை போனதும் அந்த போல்ட் பெல் ஹவுசிங்கைப் பிடித்திருக்கவில்லை. மற்றவற்றைக் கழற்றி கியர்பாக்ஸை நேராகப் பின்னே இழுத்தால் முறிந்த தண்டின் மேலாக அது வழுக்கி வந்துவிடும். எஞ்சின் பக்கம் இப்போது தண்டு ஒரு விரல் மொத்தத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் இழுவிசை போய்விட்டதால் பூட்டு இடுக்கியில் பிடித்துத் திருப்பினாலே வரும். வராவிட்டால் அதன் மேல் நட்டு வைத்து வெல்டிங் பண்ணி எடுக்கலாம். கவலைப்பட வேண்டியது எஞ்சின் பரப்போடு ஒட்டி முறிந்தால்தான், அப்போது துளை போட்டுத்தான் ஆக வேண்டும்.

முன்சக்கர ஓட்ட வண்டியில் இதெல்லாம் பொருந்துமா?

வால் பக்கக் கம்பி வித்தை பொருந்தாது. எஞ்சின் குறுக்காக இருப்பதால் மேல் போல்ட்டுகள் பானட்டைத் திறந்தாலே எட்டும் இடத்தில்தான் இருக்கும், பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றையும் எடுத்துவிட்டால். தொல்லை தருவது எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே, ஸ்டார்ட்டருக்கோ ஆக்சில் ஷாஃப்ட்டுக்கோ பின்னால் இருக்கும் ஒன்று. அதற்கு சக்கர வளைவு வழியாகப் பாருங்கள். சக்கரத்தையும் உள் பிளாஸ்டிக்கையும் எடுத்தால் நீளக் கம்பிக்கு அங்கே ஒரு வழி கிடைக்கும். இன்னொன்று, சில போல்ட்டுகள் கியர்பாக்ஸ் பக்கமிருந்தும் சில எஞ்சின் பக்கமிருந்தும் நுழைக்கப்பட்டிருக்கும். இந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் மவுண்ட்டைக் கழற்றும் முன் எஞ்சினை மேலிருந்து குறுக்குக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் சரிந்துவிடும்.

எல்லா போல்ட்டும் எடுத்தாயிற்று. ஆனாலும் பிரியவில்லை.

"எல்லாம்" என்பதைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட்டருக்குப் பின்னால் ஒன்று, கீழே தூசி மூடித்தகட்டோடு ஒன்று, ஆயில் பேனிலிருந்து பெல் ஹவுசிங்குக்குப் போகும் சின்ன போல்ட் ஒன்று. இவை மூன்றும்தான் வழக்கமாக ஒளியும் இடம். ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வர்ட்டரை, எஞ்சினோடு சுற்றும் ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற தகட்டோடு பிணைக்கும் போல்ட்டுகளும் உள்ளே உண்டு. கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைச் சுற்றினால் ஒவ்வொன்றாகக் கீழ்த்திறப்பில் வந்து நிற்கும்.

உண்மையிலேயே எல்லாம் எடுத்தாயிற்று என்றால், பிடித்திருப்பவை இரண்டு டவல் பின்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே மையத்தில் நிறுத்தும் குறும் குழாய்கள் அவை. துருவேறி ஒட்டியிருக்கும். பின்னுக்குப் பக்கத்திலேயே, இடமும் வலமும் மாறி மாறி, தட்டையான நெம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். ஒரே பக்கம் நெம்பினால் பெல் ஹவுசிங்கின் காது (போல்ட் நுழையும் நீட்சி) உடையும். பிரிந்த பிறகு மேனுவல் கியர்பாக்ஸை இன்புட் ஷாஃப்ட்டின் மேல் தொங்கவிடாதீர்கள், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். ஜாக்கியோடு பட்டையால் கட்டியே இறக்குங்கள். ஆட்டோமேட்டிக் பாக்ஸ் கன்வர்ட்டரோடு ஓர் ஆளின் எடைக்கு வரும்.

தரையில் ஓட்டை வெட்டி மேலிருந்து எடுக்கலாம் என்கிறார்களே?

முதலில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஜீப், சரக்கு வண்டி வகைகள் பலவற்றில் கியர் லீவரைச் சுற்றியுள்ள தகடு நாலைந்து ஸ்க்ரூவில் கழன்று வந்துவிடும், உள்ளே உட்கார்ந்தபடியே மேல் போல்ட்டைப் பார்க்கலாம். அப்படி இல்லாத வண்டியில் வெட்டுவது கடைசி வழி. நான் வெட்ட மாட்டேன். அந்தத் தகடு பாடியின் பலத்தில் ஒரு பகுதி, வெட்டிய ஓரம் துருப்பிடிக்கும், எஞ்சின் புகை உள்ளே வரவும் வழி திறக்கும்.

திரும்ப மாட்டும்போது மேல் போல்ட்டை அந்தத் துளைக்குள் எப்படி விடுவது?

கழற்றும்போதே ஓர் அட்டையில் பெல் ஹவுசிங்கின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த இடமோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளங்கள் வேறுவேறு. நீளமானதை ஆழமில்லாத துளையில் போட்டால், இறுகியதுபோலத் தெரியும், பெல் ஹவுசிங் இறுகியிருக்காது.

போல்ட் சாக்கெட்டிலிருந்து விழாமல் இருக்க, சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு டேப்பை மடித்துவைத்து போல்ட் தலையை அழுத்துங்கள். கிரீஸைவிட இது நன்றாகப் பிடிக்கும். வாலை இறக்கிய நிலையிலேயே மேல் இரண்டையும் முதலில் கோத்துவிடுங்கள். ராட்செட் இல்லாமல், வெறும் கம்பியை விரலால் உருட்டி. மூன்று நான்கு சுற்று விரலில் போனால் மரை சரியாகப் பிடித்திருக்கிறது. போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, வெளியே எடுங்கள்.

சின்ன இடைவெளிதான் இருக்கிறது. போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்த்துவிடலாமா?

கூடாது. இந்த வேலையில் விலை உயர்ந்த தவறு இதுதான். சரியாக நுழைந்த கியர்பாக்ஸ், கையால் தள்ளினாலே டவல் பின்களின் மேல் ஏறி எஞ்சினோடு ஒட்டிவிடும். ஒட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ முட்டுகிறது. மேனுவலில் கிளட்ச் பிளேட் மையம் விலகியிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் கன்வர்ட்டர் முழுதாக உட்கார்ந்திருக்காது. அந்த நிலையில் போல்ட்டால் இழுத்தால் ஆயில் பம்ப் உடையும், புது கியர்பாக்ஸாக இருந்தாலும் அன்றே முடிந்தது கதை.

கன்வர்ட்டரைத் தள்ளிக்கொண்டே சுற்றினால் படிப்படியாக "டொக்" என்று உள்ளே இறங்கும், பல வகைகளில் 2 அல்லது 3 முறை. பெல் ஹவுசிங் ஒட்டிய பிறகும் கன்வர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கு முன் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் மட்டும் இறுக்குங்கள்.

இவ்வளவு நீளக் கம்பி வழியாக டார்க் ரெஞ்ச் சரியாகக் காட்டுமா?

எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்தான் டார்க் ரெஞ்ச். நேர்க்கம்பி என்றால் சரியாகக் காட்டும். கம்பி முறுக்கேறினாலும், நிதானமாக இழுத்தால் ஒரு முனையில் கொடுப்பதுதான் மறுமுனைக்குப் போகிறது. வெடுக்கென்று இழுக்காதீர்கள். யுனிவர்சல் ஜாயிண்ட் அதிகம் வளைந்திருந்தால் நம்ப முடியாது.

கணக்கு மாறுவது, ரெஞ்ச்சின் முனையில், கைப்பிடி இல்லாத, வாய் மட்டும் உள்ள குரோ ஃபுட் ஸ்பேனரை நேராக நீட்டி மாட்டினால்தான், ஏனென்றால் கைப்பிடி நீளமாகிவிடுகிறது. உதாரணத்துக்கு, வேண்டியது 60 நியூட்டன் மீட்டர், ரெஞ்ச் நீளம் 400 மி.மீ., குரோ ஃபுட் 40 மி.மீ. என்றால் 60-ஐ 400-ஆல் பெருக்கி 440-ஆல் வகுத்து 54.5-இல் வைக்க வேண்டும். அதையே ரெஞ்ச்சுக்குச் செங்குத்தாக மாட்டினால் மாற்ற வேண்டியதில்லை. அளவு என்ன என்பதற்கு உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடுதான் முடிவு. மரையில் கிரீஸ் மாதிரி எதையாவது தடவியிருந்தால் அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மேல் போல்ட் ஒன்றைப் போடாமல் விட்டால் என்ன ஆகிவிடும்?

அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பழைய வண்டிகளைத் திறந்தால் பாதியில் அந்த போல்ட் இருக்காது, முன்பு வேலை பார்த்தவர் எதற்காக விட்டார் என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். ஆனால் மீதி போல்ட்டுகள் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்கும், அதிர்வில் பெல் ஹவுசிங் மெல்ல அசையும், டவல் துளை அகலமாகும், ஒரு நாள் காதில் விரிசல் விழும். வாலை இறக்கி வழி பண்ணிய பிறகு போடாமல் விடக் காரணமே இல்லை.

எல்லாம் மாட்டியாயிற்று. ஸ்டார்ட்டர் செத்துப் பிழைத்த மாதிரி சுற்றுகிறது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது.

பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட் ஒன்றில் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர் மாட்டியிருந்திருக்கும். பின்னல் கம்பி, முனையில் ஒரு வளையம். கழற்றும்போது அது ஃபயர்வால் பக்கம் தொங்கியிருக்கும், மாட்டும்போது யாரும் நினைக்கவில்லை. இப்போது ஸ்டார்ட்டரின் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் ஆக்சிலேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த இரும்பில் எல்லாம் போகிறது. மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள், கேபிள் சூடேறி உருகும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டார்ச்சை ஃபயர்வால் ஓரமாக அடியுங்கள், அந்த வளையம் தொங்குவது தெரியும். ஆம், அந்த மேல் போல்ட்டையே மறுபடி கழற்ற வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் பிளாக்கில் சும்மா இருக்கும் வேறொரு மரைத் துளையைத் தேடி, பெயின்ட்டைச் சுரண்டி, அங்கே இறுக்கிவிடலாம். நான் செய்தது அதைத்தான்.